நூற்றைம்பது கைதிகளும் என் ஊதாக் குடையும்

போன வாரம் ஒரு பிள்ளை போன் செய்தாள். ஷூட்டிங்குக்கு ஆள் சேர்க்கிற இந்தத் தொழிலுக்குப் புதுசு. "ஆன்ட்டி, நாளைக்கு ஷூட்டிங்குக்கு நாப்பது பேர ரெடி பண்ணிட்டேன். நானும் போகணுமா என்ன? குரூப்புல லொக்கேஷன் போட்டுட்டேன்லா, அவங்களே போயிடுவாங்க" என்றாள். நான் கையில் வைத்திருந்த கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் அந்தப் பிள்ளை அழுதிருக்கும்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒருத்திக்கு மட்டும் இல்லை, ஆள் அனுப்பிவிட்டு வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும்தான்.

என் பெயர் ரெஜினா. மலாக்காவில் புக்கிட் காத்திலில் இருக்கிறேன். முழங்கால் போனதால் தொழிலை விட்டுவிட்டேனே தவிர, வாய் இன்னும் போகவில்லை. தொலைக்காட்சி நாடகம், விளம்பரம், சில சினிமா என்று மலாக்காப் பக்கம் எங்கே தமிழ்க் கூட்டம் தேவைப்பட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பத்திரிகையில் "துணை நடிகர்கள்" என்று மரியாதையாக எழுதுவார்கள். நமக்குள் அவர்கள் எக்ஸ்ட்ரா. கல்யாண வீட்டில் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள், கோர்ட்டில் பெஞ்சை நிரப்புகிறவர்கள், சாவு வீட்டில் முகம் தெரியாமல் அழுகிறவர்கள்.

இவர்கள் நடிகர்கள் இல்லை. பத்து பெரண்டாம் பேக்டரியில் ஷிப்டு முடிந்து வருகிறவர், ஜாசின் பக்கம் தோட்டத்தில் வேலை செய்கிறவர், லீவு நாளில் சும்மா இருக்க முடியாதவர். ஒரு தடவை ஜாசின் பாசாரில் கூட்டம் காட்ட வேண்டியிருந்தது. ஒரு அக்காவைக் கூடையோடு நடக்கச் சொன்னோம். முதல் ஷாட்டில் கூடை காலி. இரண்டாவதில் அதில் முருங்கைக்காய் எட்டிப் பார்க்கிறது. மூன்றாவதில் அரை கிலோ கெம்போங் மீன். "என்னக்கா இது?" என்று கத்தினால், "மீன் மலிவா இருக்கு ரெஜினா, சாயந்திரம் இதத்தானே ஆக்கணும்" என்கிறார். இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அன்றைக்கே ஒன்று புரிந்தது. ஆளைக் கூப்பிட்டால் அவரோடு அவருடைய வீடும் வயிறும் சேர்ந்துதான் வரும். ஆள் மட்டும் தனியாக வருவார் என்று நினைக்கிறவர்கள் வேறு வேலை பார்க்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜப்பான்காரன் படையெடுப்பைப் பற்றி ஒரு தொடர் எடுத்தார்கள். கோலாலம்பூர்க் கம்பெனி. இயக்குநர் கெட்டிக்காரர்தான், ஆனால் அவசரக்காரர். ஜொகூர் எல்லைப் பக்கம் வெள்ளைக்காரன் படையில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் சுற்றி வளைக்கப்பட்டு, கூட்டம் கூட்டமாகப் பிடிபட்டதுதான் அந்தப் பகுதியின் கதை. "அக்கா, நூத்தம்பது கைதி வேணும். ஒல்லியா, கறுப்பா, களைச்சுப்போன மாதிரி" என்றார். களைத்துப்போன மாதிரி எதற்கு, நைட் ஷிப்டு முடித்தவர்களையே கூட்டிவருகிறேன் என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் ரொம்ப நல்ல யோசனை என்றார்.

இடம் ஜாசினைத் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள். அந்தக் காலத்தில் இங்கெல்லாம் ரப்பர்தானே என்று எக்ஸ்ட்ராக்களே முணுமுணுத்தார்கள். தோட்டத்தின் உள்ளே ஒரு மூலையில் பழைய ரப்பர் மரங்கள் கொஞ்சம் மிஞ்சியிருந்தன. அவற்றின் முன்னால் ஒரு பொட்டல். அங்கேதான் கைதிகள் உட்கார வேண்டும். ஜப்பான் சிப்பாய்களாக நடிக்க டவுனிலிருந்து சீனர்கள் இருபது பேர் வந்திருந்தார்கள். அதிகாரி வேடத்தில் ஆ செங். ஜாசினில் காப்பிக்கடை வைத்திருப்பவர், ஐம்பது வயதுக்கு மேல். இடுப்பில் வாளைக் கட்டியதும் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

போர்க் காட்சிக்கு ஆலோசனை சொல்ல ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற தமிழர் ஒருவரை வைத்திருந்தார்கள். எல்லாரும் மேஜர் என்று கூப்பிட்டோம். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, அதனால் விட்டுவிடுகிறேன். நம் ஆட்கள் அன்று காலை சேற்றைப் பூசிக்கொண்டு, ஒருவரையொருவர் படம் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கையைத் தூக்கச் சொன்னால் கோயிலில் கும்பிடுவது போலத் தூக்கினார்கள். உதவி இயக்குநர் ஒரு சின்னப் பெண், அவள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று. அப்போது மேஜர் நடுவில் போய் நின்றார்.

"தம்பிங்களா, நீங்க தோத்துப்போய் இங்க வந்து உக்காரல. மொதல்ல அத மறந்துடுங்க. முன்னால வந்தவன நீங்க அடிச்சு நிறுத்திட்டீங்க. ஆனா அவன் ரோட்டுல மட்டும் வரலியே. ஒரு கூட்டம் உங்கள முன்னால புடிச்சு வச்சிருக்கிறப்பவே இன்னொரு கூட்டம் ரப்பர் காட்டுக்குள்ள சுத்திப் போயி, உங்களுக்குப் பின்னால மரத்த வெட்டிப் போட்டு ரோட்ட அடைச்சிடுச்சு. இனிமே குண்டு வராது. சோறு வராது. காயம் பட்டவன ஏத்தின லாரி அப்படியே நிக்குது, அந்தாண்ட போக முடியாது. அடைச்ச ரோட்ட ஒடைக்கப் பாத்தீங்க, முடியல."

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் இருந்து ஒருவர், "காட்டுக்குள்ள ஓடிருக்கலாம்ல சார்?" என்று கேட்டார்.

"ஓடுனாங்க, சில பேரு. ஆனா பக்கத்துல உன் கூட்டாளி கால் இல்லாம கெடக்குறான். நீ எப்படி ஓடுவ? மேல இருந்து உத்தரவு வந்துருச்சு, துப்பாக்கிய கீழ வையின்னு. ஒருத்தன் வைக்கிறான். பக்கத்துல இருக்கிறவன் அவனப் பாக்குறான், அவனும் வைக்கிறான். அப்படித்தான் கூட்டங் கூட்டமா புடிபட்டாங்க. கோழைங்க இல்ல. அத மனசுல வச்சிட்டு உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். நான் எத்தனையோ படப்பிடிப்பு பார்த்திருக்கிறேன், ஒரு கூட்டம் அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை.

டீ குடிக்கும்போது மேஜர் என்னிடம் இன்னொன்றும் சொன்னார். "புடிச்சவனுக்கே தெரியாதும்மா, இத்தன பேரு கையில சிக்குவாங்கன்னு. புடிக்கிறதுக்குத் திட்டம் இருக்கும். புடிச்சவன வச்சிருக்கிறதுக்குத் திட்டம் இருக்காது. தண்ணி எங்க, நெழல் எங்க, யாரு சோறு போடுவா, ஒண்ணும் இருக்காது. குண்டுக்குத் தப்பினவன் அதுல செத்தான்." சொல்லிவிட்டு ஜாசினில் ஒரு கல்யாணம் இருக்கிறது என்று மத்தியானம் கிளம்பிப் போய்விட்டார்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். வாட்சாப்பில் படிக்கிற மாதிரி விரலால் தள்ளிக்கொண்டே போகாதீர்கள்.

முதலில் ஒரு ஷாட்டின் நடுவில் யாருடைய போனோ சாமி பாட்டுப் பாடியது. எல்லாப் போனையும் வாங்கிச் சாக்கில் போட்டு உடுப்பு லாரியில் வைத்தார்கள். நியாயம்தான். அந்த லாரியில்தான் எல்லாருடைய சொந்தத் துணியும் பையும் இருந்தன. மறுநாள் வேலைக்கு ஆற்றங்கரையில் சாமான் இறக்க வேண்டும் என்று லாரியை அனுப்பிவிட்டார்கள். அதுவும் நியாயம்தான், சாயந்திரத்துக்குள் திரும்பிவிடும் என்றார்கள். பிளாஸ்டிக் பாட்டில் கேமராவில் தெரிகிறது, போர்க்காலத்தில் ஏது பிளாஸ்டிக் பாட்டில் என்று தண்ணீரை அள்ளிக்கொண்டு போனார்கள். மேலிருந்து எடுக்க டிரோன் வைத்திருந்தார்கள், அதில் நம் மஞ்சள் பஸ்கள் தெரிகின்றன என்று அவற்றைப் பெரிய ரோட்டுக்கு அனுப்பினார்கள். டிரைவர்கள் சாப்பிட ஜாசினுக்கே போய்விட்டார்கள். கூடாரமும் டிரோனில் தெரிகிறது என்று மரங்களுக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளிப் போட்டார்கள். செம்பனைக் குலை திருடு போகிறது என்று தோட்டத்துக்குக் காவல் இருக்கிற ஜாகா கேட்டைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். எவனும் வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் சண்டை போட்டேன். "கொஞ்ச நேரம்தான் ஆன்ட்டி, ஒரே ஷாட்டு" என்று அந்தச் சின்னப் பெண் ஒவ்வொரு தடவையும் சொன்னாள்.

அந்த ஒரே ஷாட் முடிவேனா என்றது. மேகம் வந்து மறைத்தது, வெளிச்சம் மாறியது. டிரோனுக்குப் பேட்டரி மாற்ற வேண்டியிருந்தது. யார் எங்கே எப்படி உட்கார்ந்திருந்தார் என்று படம் எடுத்து வைத்துக்கொண்டதால் ஒருவரும் அசையக்கூடாது. ஒன்றுக்குப் போகக்கூடக் கூடாது. வெயில் மண்டையைப் பிளந்தது. நான் ஊதாக் குடையைப் பிடித்துக்கொண்டு இயக்குநருக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றைம்பது பேரும் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அற்புதமாகத்தான் இருந்தது. இருக்காதா பின்னே?

முன்வரிசையில் சுப்ரா. பத்து பெரண்டாமில் இருக்கிறவன், லாரி ஓட்டுகிறவன். என்னிடம் பல வருஷமாக வருகிறான். மறுத்துப் பேசாத ஆள், எங்கே நிறுத்தினாலும் நிற்பான். அன்று அவனைக் காயம்பட்ட சிப்பாயாக வைத்திருந்தார்கள். தாடையைச் சுற்றிக் கட்டு, உதட்டிலிருந்து வழியும் சிவப்புச் சாயம். இயக்குநருக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது.

"இங்க பாருங்க, இவரு யாருக்கா? செமயா பண்றாரு. கைய நடுங்க வைக்கிறாரு பாருங்க. கேமராவ அங்க கொண்டு போங்கடா" என்றார்.

நான் பார்த்தேன். சுப்ராவின் கை நடுங்கியது. வியர்வை சாயத்தைக் கரைத்துக்கொண்டு ஓடியது. சட்டைப் பொத்தானை அவிழ்க்கப் பார்க்கிறான், விரல் பொத்தானைக் கண்டுபிடிக்கவில்லை. பிறகு யாரையோ பார்த்துச் சிரித்தான். அங்கே யாரும் இல்லை.

என் வீட்டுக்காரர் பதினைந்து வருஷம் சீனி வியாதியோடு இருந்துவிட்டுத்தான் போனார். சீனி இறங்கினால் ஒரு மனிதன் எப்படிச் சிரிப்பான் என்று எனக்குத் தெரியும்.

"ஷாட்ட நிறுத்துங்க" என்றேன்.

"இருங்கக்கா, இதான் மேட்டரே."

"அவன் நடிக்கல."

"அதான்க்கா அழகு" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஒருவேளை நடிக்கிறானோ? அத்தனை நேரம் காத்துக் கிடந்து கிடைத்த வெளிச்சம் அது. நான் நினைத்தது தவறாக இருந்தால் அந்தக் கம்பெனி மட்டுமில்லை, எந்தக் கம்பெனியும் இனி என்னைக் கூப்பிடாது. இதெல்லாம் மனதில் ஓடியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தவறாகப் போனால் எனக்கு வேலை போகும். நான் சும்மா நின்று அது தவறாகப் போனால் அவன் போவான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

குடையோடு நடந்தேன். நேரே கேமராவுக்கு முன்னால். ஜப்பான்காரன் படையெடுப்புக்கு நடுவில் ஊதாக் குடை பிடித்துக்கொண்டு, டீ-ஷர்ட்டும் செருப்புமாக ஒரு கிழவி. பின்னால் இயக்குநர் போட்ட சத்தம் பெரிய ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். அதற்குள் சுப்ரா பக்கவாட்டில் சாய்ந்துவிட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் அசையவில்லை. அவர்களும் அவன் நடிக்கிறான் என்றே நினைத்திருந்தார்கள்.

"சுப்ரா! டேய், இங்க பாரு! என் பேரு என்ன?"

வாயில் என்னவோ குழறினான். இமை சொருகியது.

"சீனித் தண்ணி! யாராச்சும் ஓடுங்கடா!" என்று கத்தினேன். யார் ஓடுவார்கள், எங்கே ஓடுவார்கள்? பாட்டில் இல்லை, பை இல்லை, கூடாரம் கண்ணுக்கே தெரியவில்லை. அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. பஸ் இல்லை, போன் இல்லை, துணி இல்லை, தண்ணீர் இல்லை, கேட் பூட்டு. இந்த நூற்றைம்பது பேரையும் ஒரு குண்டுகூடச் சுடாமல் சுற்றி வளைத்துவிட்டார்கள். வளைத்தவர்களுக்கே அது தெரியவில்லை.

ஆ செங்தான் ஓடினார். வாளைக் கழற்றிக் கீழே எறிந்துவிட்டு அந்தக் கனத்த பூட்சோடு கூடாரத்துக்கு ஓடினார். திரும்பி வரும்போது கையில் திறந்த பால் டின், டீக்கு ஊற்றுகிற கெட்டிப் பால். "ஆன்ட்டி, இது போடு, இது போடு! எனக்கும் சீனி வியாதிதான்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே மலாயில் சொன்னார். நல்லவேளை, நான் கத்தியபடி தண்ணீர் கொண்டு வரவில்லை. அரை மயக்கத்தில் இருக்கிறவனுக்குத் தண்ணீரை ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குத்தான் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தாடைக் கட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு, விரலில் பாலைத் தொட்டு ஈறில் தேய்த்தேன். மறுபடியும் தேய்த்தேன். ஆ செங் அவன் தலையைத் தன் தொடையில் வைத்துப் பிடித்துக்கொண்டார். நான் மாதாவைக் கூப்பிட்டேன், அவர் அவருடைய சாமியைக் கூப்பிட்டார்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சப்புக்கொட்ட ஆரம்பித்தான். கண்ணைத் திறந்தான். ஜப்பான் அதிகாரியின் மடியில் படுத்திருக்கிறோம் என்று தெரிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். "படுடா நாயே" என்று ஒரு அறை விடாத குறையாக அழுத்திப் பிடித்தேன்.

இயக்குநர் ஓடி வந்திருந்தார். முகம் வெளுத்துவிட்டது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் மனிதர் கேட்டது என்ன தெரியுமா? "அக்கா, இவர அந்தாண்ட தூக்கிட்டுப் போயிடுங்க. மத்தவங்க அப்படியே உக்காந்திருக்கட்டும். லைட்டு போயிடும்."

நான் நிமிர்ந்து அந்தக் கூட்டத்தைப் பார்த்தேன். அத்தனை நடந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அசையக்கூடாது என்று சொன்னதால் உட்கார்ந்தே இருக்கிறார்கள். ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்க்கிறார், அவர் அடுத்தவரைப் பார்க்கிறார்.

"எந்திரிங்கடா எல்லாரும்!" என்று கத்தினேன். "ஷூட்டிங் முடிஞ்சிருச்சு. எந்திரிச்சு என் பின்னால வாங்க."

எழுந்தார்கள். சிலருக்குக் கால் மரத்துப்போய் அடுத்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். காவலுக்கு நின்ற சீனர்களும் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்தார்கள். கூடாரத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்த கம்பெனிக் காரில் சுப்ராவை ஏற்றி, நான் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். கார் மெதுவாகச் செம்மண் ரோட்டில் போக, பின்னால் இரண்டு நாட்டுப் படையும் ஒன்றாக நடந்து வந்தது. சாப்பிட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பிய ஜாகா கேட்டுக்கு அந்தப் பக்கம் அப்படியே நின்றுவிட்டார். அவரே சாவியை எடுத்துத் திறந்துவிட்டார்.

ஜாசின் ஆஸ்பத்திரியில் அவனுக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் மிச்சத்தையும் தெரிந்துகொண்டேன். விடியற்காலையில் வீட்டில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். காலைப் பசியாற நாசி லெமாக் பொட்டலம் வருவதற்குள் இவனுக்குத் தாடைக் கட்டும் சாயமும் போட்டு முடித்துவிட்டார்கள். சாப்பிட்டால் மேக்கப் கெட்டுவிடும், மேக்கப் போடுகிற பெண் திரும்ப ஒரு மணி நேரம் போட வேண்டும் என்று பொட்டலத்தைப் பக்கத்தில் இருந்தவனுக்குக் கொடுத்துவிட்டான். மத்தியானமும் அதே கதை. மிட்டாய் வைத்திருந்த பை லாரியோடு ஆற்றங்கரைக்குப் போய்விட்டது.

"மயக்கமா வருதுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னடா?" என்றேன்.

"நான் எந்திரிச்சா ஷாட்டு கெட்டுடும்லக்கா. எல்லாரும் மறுபடியும் மொதல்ல இருந்து வெயில்ல உக்காரணும். பாவம்லா."

பக்கத்தில் இருக்கிறவனுக்காக உட்கார்ந்திருக்கிறான். நூற்றைம்பது பேரும் பக்கத்தில் இருக்கிறவனுக்காகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபத்தைத்தான் காட்டினேன். அது எனக்குச் சுலபம்.

"சீனி இருக்குன்னு என்கிட்ட ஏன் மறைச்ச?"

"சொன்னா வெளி ஷூட்டிங்குக்குக் கூப்பிட மாட்டீங்க. ஆபீசுல தெரிஞ்சா லாரி ஓட்ட விட மாட்டாங்க."

"வீட்டுல?"

"சீனி இருக்குன்னு பவானிக்குத் தெரியும்க்கா. மயங்குனத நானே சொல்றேன். நீங்க சொல்லாதீங்க, பயந்துடுவா." பவானி அவன் மனைவி. சொல்லிவிடுகிறேன் என்று என் கையைப் பிடித்துச் சொன்னான். மறு வாரம் போன் செய்து கேட்டேன். சொல்லிட்டேன்க்கா, டாக்டரையும் பாத்துட்டேன் என்றான்.

படப்பிடிப்பை இன்னொரு நாள் முடித்தார்கள். பஸ் பக்கத்திலேயே நிற்க வேண்டும், துணியும் பையும் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும், வரிசைக்கு வரிசை மண்பானையில் தண்ணீர் வைக்க வேண்டும் என்றேன். பானை போர்க்காலத்திலும் இருந்ததுதானே என்று கேட்டதும் அந்தச் சின்னப் பெண் முதல் தடவையாகச் சிரித்தாள். இயக்குநர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் சுப்ரா விழுகிற துண்டை மட்டும் நீக்க மாட்டேன் என்றுவிட்டார். நான் குடையோடு நுழைவதற்கு முன்னாலேயே கேமரா வேண்டியதை எடுத்துவிட்டிருந்தது. "அந்த மாதிரி இனிமே கெடைக்காதுக்கா" என்றார். அவரோடு நான் பேசுவதை நிறுத்தியது அப்போதுதான்.

தீபாவளிக்குச் சுப்ரா வீட்டுக்குப் போனேன். பத்து பெரண்டாமில் சின்ன வீடு, உள்ளே முறுக்கு வாசனை. பிள்ளைகள் இரண்டு பேரும் என்னைக் கையைப் பிடித்து இழுத்து டிவிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். தொடர் டிவியில் வந்து முடிந்துவிட்டது; அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறார்கள். அதே பொட்டல். அதே முகம். கை நடுங்குகிறது, பொத்தானைத் தேடுகிறது, யாரும் இல்லாத பக்கம் பார்த்துச் சிரிக்கிறது. பிறகு சாய்கிறது.

"அப்பா சூப்பர் ஆக்டிங்!" என்று மகள் கைதட்டினாள்.

பவானி தட்டில் பலகாரத்தோடு வந்து உட்கார்ந்தாள். "எத்தன தடவ பாத்தாலும் எனக்குத் திக்குன்னு ஆகுதுக்கா. நெசமா விழற மாதிரியே இருக்கு. இவருக்குள்ள இப்படி ஒரு தெறம இருக்குன்னு எனக்கே தெரியாது."

நான் சுப்ராவைப் பார்த்தேன். அவன் கண்ணாலேயே கெஞ்சினான். ஒன்றுமே சொல்லவில்லை இவன் வீட்டில். ஊசி போட்டுக்கொண்டு, எந்த நேரத்தில் சாப்பிடுகிறானோ இல்லையோ, தினமும் பத்து டன் ஏற்றிக்கொண்டு ஹைவேயில் போய்க்கொண்டிருக்கிறான். இவர்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டு கைதட்டுகிறார்கள்.

நல்ல நாளும் அதுவுமாக ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். எந்த நாளில் சொன்னால் நன்றாக இருக்கும், அதைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

"பவானி, அது நடிப்பு இல்லம்மா" என்றேன். "அவன் நெசமாத்தான் விழுந்தான். சீனி எறங்கிருச்சு. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டு போனேன். ஒன்கிட்ட சொல்லிட்டேன்னு என்கிட்ட பொய் சொல்லிருக்கான்."

மகள் டிவியை நிறுத்தினாள். அப்பன் சாய்ந்த நிலையில் படம் அப்படியே நின்றது. பவானி அதைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், மறுபடியும் அதைப் பார்த்தாள். எழுந்து போய், ஆணியில் தொங்கிய லாரிச் சாவியை எடுத்துத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

சுப்ரா என்னை வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை. அந்தச் சாவி அவன் கைக்குத் திரும்பவே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். லாரிக் கம்பெனியில் அவனை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். ஓவர்டைம் கிடையாது, வருமானம் குறைந்துவிட்டது. இப்போது வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான், பவானியே ஊசியைப் பார்த்துக் கொடுக்கிறாள் என்று அவன் மகள் சொன்னாள். என் போனை மட்டும் அவன் எடுப்பதே இல்லை. பாசாரில் பார்த்தால் மீன்கடைப் பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

திரும்பிக்கொள்ளட்டும். உயிரோடு இருப்பவன்தானே கோபப்பட முடியும்.